சைவநெறிப் பாடத்துக்கு நம்பகமான இணைய மூலங்கள் எவை? பக்திக்குப் புள்ளி போடாமல் மாணவரின் சமய அறிவைக் கணிப்பது எப்படி?

வன்னி ஆசிரியை:

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம். நான் வன்னியிலுள்ள ஒரு பாடசாலையில் தரம் 10, 11 மாணவர்களுக்குச் சைவநெறி கற்பிக்கிறேன். தரம் 11 முடிவில் எழுதும் பொதுப் பரீட்சையான க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம் கட்டாய பாடம் என்பதால், விரும்பி வருபவரும் வேறு வழியின்றி இருப்பவரும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். இரண்டு விடயங்களில் உங்கள் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

முதலாவது, பாடநூலுக்கு அப்பால் மாணவர் கையில் துணிந்து கொடுக்கக்கூடிய இணைய மூலங்கள் எவை என்பது. யூடியூப்பிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் சமயம் பற்றி வரும் செய்திகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்த நூலில், எந்தப் பாடலில் ஆதாரம் என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை.

இரண்டாவது கேள்விதான் என்னைக் கூடுதலாக வருத்துகிறது. அண்மையில் எனக்குக் கிடைத்த ஒரு கணிப்பீட்டுத் தாளில், ‘வெள்ளிக்கிழமை தோறும் ஆலயம் செல்கிறார்’, ‘தினமும் திருநீறு அணிகிறார்’ என்ற கூற்றுகளுக்கு எதிரே தலா ஐந்து புள்ளி இடப்பட்டிருந்தது. என் வகுப்பில் ஒரு பிள்ளையின் தாய் விடியும் முன்பே தோட்ட வேலைக்குப் போய்விடுகிறார். வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வது அந்தப் பிள்ளைதான். அவள் திருவாசகத்தைப் பொருள் உணர்ந்து சொல்லக்கூடியவள். அந்தத் தாளின்படி அவளுக்குக் குறைந்த புள்ளியும், வீட்டுக்கு எதிரே கோயில் உள்ள மாணவனுக்கு முழுப் புள்ளியும் கிடைக்கின்றன. இதைச் சமய அறிவின் அளவென்று ஏற்றுக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. பிள்ளையின் பக்திக்குப் புள்ளி போடும் உரிமை ஆசிரியருக்கு இல்லை என்றே கருதுகிறேன். அப்படியானால் எதைக் கணிப்பது, எப்படிக் கணிப்பது?

ஓய்வுநிலை ஆசிரிய ஆலோசகர்:

மகளே, உங்கள் இரண்டாவது கேள்விக்கு மற்றவர்களும் எழுதட்டும். முதலாவதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தொடங்க வேண்டிய இடம் நம் கையருகிலேயே இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களும், மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டிகளும் கிடைக்கின்றன. 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்த பின்னர், வழிகாட்டிகளில் ஒவ்வொரு தேர்ச்சி மட்டத்துக்கும் உரிய கற்றற்பேறுகள், அதாவது கற்ற பின் மாணவர் செய்யக்கூடியவை, எழுதப்பட்டிருக்கின்றன. பலர் வழிகாட்டியிலுள்ள பாட விடயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கற்றற்பேற்றைப் பாராமல் வினாவை எழுதிவிடுகிறார்கள். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் தவறாமல் படியுங்கள். எந்த வினாவில் மாணவர் எங்கே இடறினர் என்ற பகுப்பாய்வு அவற்றில் உண்டு. கடந்தகால வினாத்தாள்களை அடுக்கிவைத்துச் செய்விப்பதைவிட, அந்த அறிக்கைகளில் ஒன்றை நிதானமாகப் படிப்பது கற்பித்தலுக்கு உதவும்.

திருமுறைக்கு மூன்று இடங்களை நம்பலாம். தேவாரம் தளத்தில் பன்னிரு திருமுறையும் தருமபுர ஆதீன உரையோடு இருக்கிறது. பாடலைக் கேட்கவும் வசதி உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் திருமுறையும் மெய்கண்ட சாத்திரங்களும் வெறும் எழுத்துக் கோப்பாகக் கிடைப்பதால், இணைப்பு மெதுவாக உள்ள இடத்திலும் இறக்கிக்கொள்ள முடியும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட மின்தேவாரத்தில் தலங்களின் வரைபடமும் வி.மு. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில விளக்கமும் உள்ளன. அது மாணவருக்கு உரியது அன்று, ஆசிரியர் தம் ஐயம் தீர்த்துக்கொள்ள உரியது.

நம் நாட்டுச் செய்திகளுக்கு நூலகம் தளத்தை விஞ்ச எதுவுமில்லை. 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் கும்பாபிஷேக மலர்கள், பழைய சைவ இதழ்கள், சமயப் பாடநூல்கள் ஆகியன பக்கம் பக்கமாக மின்வருடி வைக்கப்பட்டிருக்கின்றன. மாணவர் தம் ஊர்க் கோயிலின் பெயரைத் தேடிப் பார்த்தால், தாத்தா காலத்து மலர் ஒன்று கிடைக்கவும் கூடும். ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: கும்பாபிஷேக மலரில் எழுதப்பட்ட தலவரலாறு எல்லாம் வரலாறு ஆகாது. எது ஐதீகம், எது கல்வெட்டு, எது எழுதியவரின் அன்பு மிகுதி என்று பிரித்துப் பார்க்கக் கற்பிப்பதே ஒரு நல்ல கணிப்பீட்டுச் செயற்பாடாகும்.

மட்டுநகர் ஆசிரியர்:

ஐயா கடைசியில் சொன்னதை நான் வகுப்பில் செய்து வருகிறேன். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஈழத்துத் தலங்களுக்கு நமக்குக் கிடைத்துள்ள தேவாரப் பதிகங்கள் மூன்று. திருகோணமலையிலுள்ள திருக்கோணேச்சரத்துக்குச் சம்பந்தர் பாடியது ஒன்று. மன்னார்ப் பகுதியில் மாதோட்டத்திலுள்ள திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியவை இரண்டு. வழக்கமான வினா, ‘ஈழத்துப் பாடல் பெற்ற தலங்கள் எவை? அவற்றைப் பாடியவர் யாவர்?’ என்று முடிந்துவிடும். நான் அந்த வினாவை விலக்கவில்லை. அதற்கு இரண்டு புள்ளி கொடுத்துவிட்டு, பாடலையே வினாத்தாளில் அச்சிட்டுவிடுகிறேன்.

கோணமலைப் பதிகத்தின் முதற் பாடலில், கரையை மோதும் கடல் சந்தனத்தையும் கரிய அகிற் பிளவையும் மணிகளையும் வாரிக்கொண்டு வந்து முத்துகளைக் கொழிக்கிறது என்று சம்பந்தர் பாடுகிறார். ‘குரைகட லோத நித்திலங் கொழிக்குங் கோணமா மலையமர்ந் தாரே’ என்று அது முடிகிறது. சுந்தரர் கேதீச்சரப் பதிகத்தில் ‘வங்கம்மலி கின்றகடல் மாதோட்டநன் னகரில்’ என்கிறார். கப்பல்கள் நிறைந்த கடலையும் சந்தனம், அகில், முத்து ஆகியவற்றையும் வைத்து, இந்த இரண்டு ஊர்களும் எத்தகைய ஊர்களாக இருந்திருக்கும் என்று ஊகித்து எழுதும்படி கேட்கிறேன். மாணவர் துறைமுகம் என்கிறார்கள், வணிகர் வந்து தங்கிய இடம் என்கிறார்கள். கோயிலுக்கு யார் பொருள் கொடுத்திருப்பார்கள் என்று தாமாகவே கேட்கவும் தொடங்குகிறார்கள்.

அடுத்த வினா இன்னும் கடினமானது. சம்பந்தர் இராமேச்சரத்தில் இருந்தபடியே ஈழத்து இரு தலங்களையும் பாடினார் என்பது சேக்கிழார் பெரியபுராணத்தில் தரும் செய்தி. அப்படியானால், நேரில் சென்று காணாத கடற்கரையை இத்தனை விவரமாக அவர் பாடியதை நீங்கள் எவ்வாறு விளங்கிக்கொள்கிறீர்கள்? ஒரு மாணவி, இராமேச்சரத்துக்கும் மன்னாருக்கும் இடையிலான தூரம் குறைவென்பதால் அங்கே வந்துபோன அடியார் சொல்லக் கேட்டிருப்பார் என்று எழுதினாள். இன்னொருவன், ஞானப்பால் உண்டவருக்குத் தூரம் ஒரு தடையல்ல என்று எழுதினான். வேறொருவன், சேக்கிழார் வாழ்ந்தது சம்பந்தருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் என்பதால் அவருக்குக் கிடைத்த செய்தியையும் ஆராய வேண்டும் என்று எழுதினான். மூவருக்கும் நல்ல புள்ளிதான் கொடுத்தேன், ஏனெனில் மூவரும் தம் முடிவுக்குப் பாடலிலிருந்தோ புராணத்திலிருந்தோ காரணம் காட்டியிருந்தார்கள். முடிவு எதுவென்று பார்த்துப் புள்ளி இடவில்லை. வன்னி ஆசிரியை கேட்டதற்கு என் விடை இதுவே: நம்பிக்கை மாணவருடையது, அதை எடுத்துரைக்கும் திறனை மட்டும் நாம் கணிக்கலாம்.

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டை வாயிலில் இரட்டை மீன் சின்னத்தோடு இருக்கும் கல்வெட்டின் படத்தையும் இதனோடு சேர்த்துக் கொடுக்கலாம். கோணேச்சரத் திருப்பணி செய்தவனாக மரபு போற்றும் மன்னன் குளக்கோட்டனைப் பற்றி, ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கும் பாடலோடு அதனை ஒப்பிடச் சொன்னால், கல்லில் உள்ளது எவ்வளவு, மரபு நிரப்பிக்கொண்டது எவ்வளவு என்பதை மாணவர் கண்டுகொள்வார்கள்.

பண்ணிசை ஆசிரியர்:

மட்டுநகர் ஆசிரியரின் வினாக்கள் சிறந்தவை. எனினும் இங்கே மனனத்தைத் தாழ்வாகக் கருதும் போக்கு ஒன்று மெல்ல நுழைகிறது என்று அஞ்சுகிறேன். அதனோடு நான் உடன்படவில்லை.

திருமுறை கண்ணால் படிப்பதற்கு என்று மட்டும் எழுந்ததன்று, ஓதுவதற்கு எழுந்தது. நாட்டபாடைப் பண்ணில் ‘தோடுடைய செவியன்’ என்று ஒரு பிள்ளை பிழையின்றி ஓதும்போது, சீர் பிரிப்பையும் சொல்லின் நீட்டத்தையும் மூச்சு நிறுத்தத்தையும் அவன் அறிந்திருக்கிறான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. எழுத்தில் திணறும் பிள்ளைகள் சிலர் ஓதலில் முன்னிற்பதை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். வாய்மொழிக் கணிப்பீட்டை விட்டுவிட்டு விளக்க வினாக்களை மட்டும் வைத்தால், நன்றாக எழுதத் தெரிந்த நகரப் பிள்ளைகளுக்கே மீண்டும் ஆதாயம் கிடைக்கும்.

ஆகவே ஓதலுக்கும் புள்ளி வேண்டும். குரல் இனிமைக்குப் புள்ளி கொடுக்காதீர்கள், அது பிறவியில் வந்தது. பாடத் திருத்தம், உச்சரிப்பு, பதம் பிரித்தல், ஓதிய பாடலின் பொருளைத் தம் சொல்லில் இரண்டு வாக்கியத்தில் சொல்லுதல் ஆகிய நான்கையும் பாருங்கள். பிள்ளைகள் கேட்டுப் பழகுவதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் திருமுறை இசை உண்டு. கைபேசியில் தம் ஓதலைப் பதிவுசெய்து, ஓதுவாரின் ஓதலோடு தாமே ஒப்பிட்டுக் குறை நிறை எழுதச் சொன்னால் அது தன்கணிப்பீடாகவும் அமையும்.

வன்னி ஆசிரியை:

ஐயா, நீங்கள் சொன்ன நான்காவது அம்சம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எங்கள் பாடசாலையில் காலைப் பிரார்த்தனையில் பஞ்சபுராணம் என்னும் ஐந்து திருமுறைப் பாடல்களை ஓதும் பிள்ளைகளிடம், திருப்பல்லாண்டு ஏன் ஐந்தில் ஒன்றாக வைக்கப்பட்டது என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஓதலையும் விளக்கத்தையும் ஒரே செயற்பாட்டில் சேர்த்துவிட்டால் இரண்டுக்கும் இடையே சண்டையே இல்லை. ஒரு வகுப்பில் நாற்பது பேருக்கு மேல் இருக்கும்போது ஒவ்வொருவராக ஓதக் கேட்பதற்கு நேரம் எங்கே என்பதுதான் என் தடை.

பண்ணிசை ஆசிரியர்:

நாற்பது பேரையும் ஒரே கிழமையில் கேட்க வேண்டாம். ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கத்திலும் இருவர் ஓதட்டும். ஒரு தவணைக்குள் எல்லோரும் வந்துவிடுவார்கள். மற்றவர்களுக்கும் அது பாடத்துக்குள் நுழையும் வாயிலாகும்.

க.பொ.த. வகுப்பு ஆசிரியர்:

மேலே எழுதியவர்கள் அனைவரிடமும் பணிவாக ஒரு நடைமுறைச் செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். இறுதியில் பிள்ளை எழுதப்போவது பொதுப் பரீட்சை. முதலாம் பத்திரத்தில் 40 பல்தேர்வு வினாக்கள் இருக்கின்றன. பெற்றோர் எதிர்பார்ப்பது ‘ஏ’ சித்தி. நாயன்மாரின் ஊரையும் குருபூசை நட்சத்திரத்தையும் நினைவில் வைக்காத மாணவன், மாதோட்டத்து வணிகத்தைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதினாலும் அங்கே இடறுவான். தரம் 11இல் எனக்குக் கிடைக்கும் பாடவேளைகள் பாடத்திட்டத்தை முடிப்பதற்கே போதாமல் இருக்கும் நிலையில், இத்தகைய செயற்பாடுகளுக்கு இடம் எங்கே?

மட்டுநகர் ஆசிரியர்:

நியாயமான கேள்வி. பல்தேர்வு வினாவையே சற்று மாற்றி எழுதிப் பாருங்கள் என்பது என் விடை. ‘திருக்கேதீச்சரத்தைப் பாடிய நாயன்மார் யாவர்?’ என்பதற்குப் பதிலாக, சுந்தரரின் ‘பத்தாகிய தொண்டர்தொழு பாலாவியின் கரைமேல்’ என்ற அடியைக் கொடுத்து, இது எந்தத் தலத்தைக் குறிக்கிறது, எந்தச் சொல்லால் அதை அறிந்தீர்கள் என்ற இரண்டையும் இணைத்து நான்கு விடைகளை அமைக்கலாம். கேதீச்சரத்துத் தீர்த்தமான பாலாவியை அறிந்தவன் தலத்தையும் அறிவான். வெறுமனே பட்டியலை மனனம் செய்தவன் அடியைக் கண்டு தடுமாறுவான். பொருந்தாத மூன்று விடைகளையும் மனம்போன போக்கில் எழுதாமல், மாணவர் உண்மையில் குழம்பும் இடங்களிலிருந்து எடுங்கள். மதிப்பீட்டு அறிக்கைகளை ஐயா படிக்கச் சொன்னதன் பயன் இங்கே தெரியும்.

பாடவேளையைப் பற்றி: செயற்பாட்டைத் தரம் 9, 10இல் தொடங்க வேண்டும். தரம் 11இல் புதிதாகத் தொடங்கினால் நீங்கள் சொல்வது போலவே இடம் இராது.

இலண்டன் சனிக்கிழமைப் பள்ளி ஆசிரியை:

நான் இங்கிலாந்தில் ஒரு மேனிலைப் பள்ளியில் சமயக்கல்வி கற்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் சைவநெறியும் எடுக்கிறேன். இவ்விரண்டுக்கும் இடையே தினமும் நடப்பதால் உங்கள் விவாதம் எனக்கு நெருக்கமானது.

இங்கே நிலைமை வேறு. ஒரு மாணவர் தம் சமயத்தை மட்டும் கற்பதில்லை. 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. சமயக் கல்வியில் குறைந்தது இரண்டு சமயங்களைக் கற்க வேண்டும். ஆசிரியருக்கு மாணவரின் நம்பிக்கை என்னவென்று தெரிந்திருக்கவும் தேவையில்லை. மதிப்பெண்ணில் பாதி அறிவுக்கும் விளக்கத்துக்கும், மறுபாதி ஆராய்ந்து தீர்ப்பளிக்கும் திறனுக்கும் உரியது. ஏ.கியூ.ஏ. தேர்வு வாரியத்தின் தாளில் ஒரு பகுதிக்கு 24 மதிப்பெண். அதில் 12 ஒரே வினாவுக்கு. ஒரு கூற்றைத் தந்து, அதற்குச் சார்பாகவும் எதிராகவும் சமயக் காரணங்களோடு வாதிட்டுத் தம் முடிவைச் சொல்லும்படி கேட்பார்கள். ஐந்து மதிப்பெண் வினாவில் மறைநூலையோ சமயப் போதனையையோ மேற்கோள் காட்டியே ஆக வேண்டும்.

இந்த வடிவத்தைச் சனிக்கிழமை வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தேன். ‘கோயிலைக் கட்டுவதைவிடப் பசித்தவனுக்குச் சோறிடுவதே உயர்ந்த சிவதொண்டு’ என்பது நான் கொடுத்த கூற்று. சார்பாக, அடியாருக்குக் கொடுப்பது இறைவனைச் சேரும் என்னும் திருமூலரின் ‘நடமாடக் கோயில்’ பாடலையும், வறுமையிலும் அடியாருக்கு அமுதளித்த இளையான்குடிமாறரையும், எதிராக மனத்திலேயே கோயில் கட்டிய பூசலாரையும் மாணவர் எடுத்துக்கொண்டார்கள். பூசலார் எந்தப் பக்கத்துக்கு உரியவர் என்பதிலேயே பெரிய வாதம் எழுந்தது. கல்லால் கட்டப் பொருள் இல்லாதவர் மனத்தில் கட்டியதை இறைவன் ஏற்றான் என்றால், அது கோயிலுக்குச் சார்பான சான்றா, எதிரானதா? நாயன்மார் வரலாற்றை அதற்கு முன்னர் அவ்வளவு ஆர்வமாக அவர்கள் படித்ததை நான் பார்த்ததில்லை.

ஆனால் இங்குள்ள முறையில் எனக்கு ஒரு குறையும் உண்டு. இந்துசமயப் பகுதிக்குப் பிபிசி பைட்சைஸ் போன்ற தளங்களில் உள்ளவை பொதுவான அறிமுகங்கள். சைவசித்தாந்தமோ திருமுறையோ அவற்றில் தேடித்தான் பார்க்க வேண்டும். உங்கள் மாணவர் கையில் மூலநூலே இருக்கிறது. அதனைப் படிக்கும் மொழியும் இருக்கிறது.

மன்னார் கத்தோலிக்கப் பாட ஆசிரியர்:

வேறு சமயப் பாடம் எடுப்பவன் இடையே வருவதைப் பொறுத்துக்கொள்வீர்கள் என நம்புகிறேன். எங்கள் பாடத்திலும் இதே சிக்கல்தான். திருப்பலிக்கு வந்தாரா, மடுத் திருவிழாவுக்குப் போனாரா என்பவற்றுக்குப் புள்ளி வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருந்து வருகிறது. அதனால் பிள்ளை உண்மையை மறைத்துப் பேசக் கற்றுக்கொள்கிறது என்பதே என் கவலை. சமய பாடத்தில் பொய் சொன்னால் கூடுதல் புள்ளி கிடைக்கும் நிலையை ஆசிரியர்களே உருவாக்கலாகாது.

லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் வரும் காணாமற்போன மகன் உவமையை எடுத்து, மூத்த மகனின் நிலையிலிருந்து தந்தைக்கு ஒரு மடல் எழுதச் சொல்கிறேன். 1995இல் வெளியான திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இணையத்தில் கிடைப்பதால் எல்லோரும் ஒரே பாடத்தைப் பார்க்க முடிகிறது. உவமையில் உள்ள விவரங்களில் எத்தனையைப் பயன்படுத்தியிருக்கிறார், தந்தையின் மறுமொழியைப் புரிந்துகொண்டிருக்கிறாரா என்று மட்டும் பார்க்கிறேன். மூத்தவன் இறுதிவரை கோபம் தணியாதவனாக இருந்தாலும் புள்ளி குறையாது. நற்செய்தியிலும் அவன் வீட்டுக்குள் போனானா என்று சொல்லப்படவில்லை அல்லவா?

ஓய்வுநிலை ஆசிரிய ஆலோசகர்:

மன்னார் ஆசிரியர் சொன்னதை எல்லாச் சமயப் பாட ஆசிரியர்களும் படிக்க வேண்டும்.

நம் பாடத்தில் வினாவுக்கு ஒரே விடை என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஆறுமுக நாவலர் மிசன் பாடசாலையில் பயின்றவர். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் பணியாற்றியவர். கிறித்தவ வினாவிடை நூல்களின் ஆற்றலை அருகில் கண்ட அவர், அதே வடிவத்தில் சைவ வினாவிடையை எழுதினார். 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய காலத்தில், தம் சமயத்தின் அடிப்படையைக் கூடத் திரட்டிச் சொல்ல வழியற்றிருந்த பிள்ளைகளுக்கு அது பெரும் படைக்கலமாக இருந்தது. சைவ பரிபாலன சபையும் கொழும்பு விவேகானந்த சபையும் நடத்திவரும் சமயப் பரீட்சைகள் அந்த உறுதியை ஊருக்கு ஊர் கொண்டுசென்றன. அவற்றின் மீது எனக்கு ஆழ்ந்த நன்றி உண்டு. அடிப்படை உறுதியான பின்னர் மேலே செல்லாமல், பதினோராம் தரத்திலும் அதே வடிவத்திலேயே நிற்பதைத்தான் நான் குறையாகச் சொல்வேன்.

விளக்க வினாவை வைப்பவர்கள் புள்ளித் திட்டத்தை முன்கூட்டியே எழுதுங்கள். அதனை மாணவருக்கும் காட்டுங்கள். மூலப் பாடலிலிருந்து சான்று காட்டுதல், சான்றை முடிவோடு இணைத்தல், மாற்றுக் கருத்து ஒன்றையேனும் கருத்தில் கொள்ளுதல், மொழித் தெளிவு என்பன போதும். மொழித் தெளிவுக்கு அதிகம் வைக்காதீர்கள். அது தமிழ்ப் பாட ஆசிரியரின் வேலை.

வன்னி ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. இந்தத் தவணைக்கு ஒரு திட்டம் வகுத்திருக்கிறேன். பாடவேளைத் தொடக்கத்தில் இருவர் ஓதிப் பொருள் சொல்வார்கள். தவணைப் பரீட்சையில் கோணமலை, கேதீச்சரப் பாடல்களை அச்சிட்டு விளக்க வினா வைப்பேன். இலண்டன் ஆசிரியையின் பூசலார் வாதத்தைக் குழுச் செயற்பாடாகச் செய்வோம். ஆலயம் சென்றாரா என்ற நிரலை நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாகத் தம் ஊர்க் கோயிலின் ஒரு வழிபாட்டு நிகழ்வை நேரிலோ பெரியவரைக் கேட்டோ அறிந்து விவரிக்கும் ஒப்படை ஒன்றைக் கொடுப்பேன். கோயிலுக்குப் போக இயலாத பிள்ளை தன் பாட்டியிடம் கேட்டு எழுதலாம்.

எஞ்சியிருப்பது ஒரு சிறு கேள்வி. எங்கள் பிள்ளைகள் பலரிடம் திறன்பேசி இல்லை. உள்ளவர்களிடமும் டேட்டா இல்லை. மேலே சொன்ன மூலங்களை எப்படிக் கொண்டுசேர்ப்பது?

ஓய்வுநிலை ஆசிரிய ஆலோசகர்:

எழுத்துக் கோப்புகளை அச்சிட்டே கொடுங்கள். ஒரு பதிகம் ஒரு தாளுக்குள் அடங்கும். இசைக்கு, பாடசாலைக் கணினியிலோ உங்கள் வீட்டிலோ ஒருமுறை இறக்கி ஒரு பென் டிரைவில் வைத்துக்கொண்டால், வகுப்பில் ஒரு சிறு ஒலிபெருக்கி போதும். மதுரைத் திட்டக் கோப்புகளைப் படியெடுத்துப் பகிர்வதற்குத் தடையில்லை. ஆனால் அதன் முகப்புப் பக்கத்தை நீக்காமல் பகிர வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆதீன உரையை முழுவதுமாகப் படியெடுக்காமல், வேண்டிய பாடலின் பொழிப்பை மட்டும் எடுத்து, எங்கிருந்து எடுத்தோம் என்று தாளின் அடியில் குறித்துவிடுங்கள். பிள்ளைகளும் தம் ஒப்படையில் அவ்வாறே குறிக்க வேண்டும் என்று புள்ளித் திட்டத்தில் ஒரு வரி சேருங்கள்.